இக்னோ நர்சிங் தேர்வுக்கு எதைப் படிப்பது, எதை வாங்காமல் விடுவது: குமரி மாவட்டச் செவிலியருக்கு ஒரு வழிகாட்டி

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, வார்டில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்க நினைக்கும் செவிலியர் பலரும் எடுப்பது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின், சுருக்கமாக இக்னோவின், போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். குறைந்தது 3 ஆண்டுப் படிப்பு. நுழைவுத் தேர்வில் தேறி அட்மிஷன் உறுதியானதும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், புத்தகக் கடைக்குப் போய் ஆயிரக்கணக்கில் செலவழிப்பது. தயவுசெய்து அதைத் தள்ளிப்போடுங்கள். இக்னோவின் பாடநூல் கைக்கு வந்து, பழைய வினாத்தாள்களை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை ஒரு புத்தகம்கூட வாங்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் வாங்க வேண்டியது மிகக் கொஞ்சம்.

வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து தொடங்கலாம். குமரி மாவட்டத்தில் ஒரு நர்ஸ் வீட்டில் மூன்று வகைப் புத்தகங்கள் அநேகமாக இருக்கும். எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்), நார்செட் (எய்ம்ஸ் செவிலியர் தேர்வு), வளைகுடா வேலைக்கான புரோமெட்ரிக் தேர்வுகளுக்கு வாங்கிய கொள்குறி வினாத் தொகுப்புகள் ஒரு வகை. ஜி.என்.எம். காலத்துப் பாடநூல்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகை, ரெகுலர் கல்லூரியில் படித்த தங்கையோ தோழியோ கொடுத்த கைடுகள்.

கொள்குறிப் புத்தகத்தைக் கட்டி மேலே வைத்துவிடுங்கள். இக்னோவின் பருவ இறுதித் தேர்வில் விரிவாக எழுத வேண்டும். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பழகிய கை, ‘நர்சிங் மேனேஜ்மென்ட்டை விளக்குக’ என்ற கேள்விக்கு இரண்டாவது பத்தியிலேயே நின்றுவிடும். ஜி.என்.எம். பாடநூலில் உடற்கூறு, உடலியங்கியல் பகுதிகள் இன்றும் உதவும். திட்டங்கள், தடுப்பூசி, சட்டங்கள் பற்றிய பகுதிகள் உதவாது. ரெகுலர் கைடுகளில் எச்சரிக்கை தேவை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் போஸ்ட் பேசிக் 2 ஆண்டுப் படிப்பு. தலைப்புகள் ஒத்துப்போனாலும் எந்த ஆண்டில் எந்தப் பாடம், எந்தப் பகுதிக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதெல்லாம் வேறு. ‘போஸ்ட் பேசிக்’ என்று அட்டையில் இருப்பதைப் பார்த்து வாங்கிவிட்டு, பாதிப் புத்தகம் தன் தாளிலேயே இல்லை என்று தேர்வுக்கு முந்தின மாதம் கண்டுபிடிப்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு.

முதலில் மணிக்கணக்கு

எவ்வளவு படிக்க முடியும் என்று தெரியாமல் எதைப் படிப்பது என்று முடிவெடுக்க முடியாது. இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. அசைன்மென்ட்டும் அதற்குள் அடங்கும். 4 கிரெடிட் தாள் ஒன்று 120 மணி நேரம் கேட்கும். டூட்டி நாளில் 1 மணி நேரம், வார ஓய்வு நாளில் 3 மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்கு 9 மணி நேரம். அந்த ஒரு தாளுக்கே 13 வாரத்துக்கு மேல் ஆகிறது. நைட் டூட்டி வாரத்தில் 9 என்பது 5 ஆகிவிடும்; அதையும் கணக்கில் சேருங்கள். ஜூன் தேர்வை எழுதப் போகிறவர் ஜனவரியிலேயே உட்கார வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இப்போது ஒரு பெரிய மெடிக்கல் சர்ஜிக்கல் பாடநூலை எடுத்துக்கொள்ளுங்கள். 900 பக்கம் என்று வைப்போம். ஆங்கிலப் பாடநூலைப் புரிந்து, கோடிட்டு, குறிப்பெடுத்துப் படித்தால் மணிக்கு 7 பக்கம் போவதே நல்ல வேகம். 900 பக்கத்துக்கு ஏறக்குறைய 130 மணி நேரம் ஆகும். தாள் முழுவதற்கும் உள்ள நேரத்தைவிட அதிகம். பெரிய பாடநூல், சந்தேகம் வரும் இடத்தில் பிரித்துப் பார்ப்பதற்கு. முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தவர்கள் நான்காவது அத்தியாயத்தில் நிற்கும்போது தேர்வு வந்துவிடும்.

இக்னோ பாடநூல் தொகுதி

இதுதான் உங்கள் மூல நூல். இக்னோ இதை பிளாக், யூனிட் என்று பிரிக்கிறது. ஒவ்வொரு யூனிட்டின் தொடக்கத்திலும் நோக்கங்கள், நடுநடுவே ‘உங்கள் முன்னேற்றத்தைச் சோதித்துப் பாருங்கள்’ என்ற கேள்விகள், கடைசியில் முக்கியச் சொற்களும் மாதிரி விடைகளும் இருக்கும். பலர் இந்தக் கேள்விகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய வினாத்தாள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கேள்வியின் வாசகம் பல இடங்களில் இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் வாசகத்துக்கு மிக அருகில் இருக்கும். நோக்கங்கள் பகுதியில் வரும் வினைச்சொற்களையும் கவனியுங்கள். டிஃபைன், லிஸ்ட், டிஸ்கஸ் என்று எந்தச் சொல் அங்கே வருகிறதோ, அந்த அளவுக்குத்தான் அந்தப் பகுதியிலிருந்து விடை எதிர்பார்க்கிறார்கள்.

அச்சுப் பிரதி தபாலில் வரும். விண்ணப்பத்தில் கொடுக்கும் முகவரியில் பகலில் யாராவது இருக்க வேண்டும். நர்சஸ் ஹாஸ்டல் முகவரி கொடுத்துவிட்டு வேலை மாறினால் பார்சல் திரும்பிப் போகும். குமரி மாவட்டம் இக்னோவின் திருவனந்தபுரம் மண்டல மையத்தின் கீழ் வருகிறது, திருநெல்வேலியும் தூத்துக்குடியும்கூட அப்படித்தான். பாடநூல் வராவிட்டால் கேட்க வேண்டிய இடமும் அதுவே. மதுரைக்கோ சென்னைக்கோ எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

பார்சல் வரும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். ஈ-ஞானகோஷ் என்ற இக்னோவின் மின்னூலகத்தில் சுகாதார அறிவியல் புலம் என்ற பிரிவுக்குள் போனால் நர்சிங் பாடநூல்கள் யூனிட் வாரியாகப் பி.டி.எஃப். கோப்புகளாகக் கிடைக்கும், இலவசமாகவே. இறக்குவதற்கு முன் பாடக் குறியீட்டை உங்கள் புரோகிராம் கைடில் இருக்கும் குறியீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரே தலைப்பில் வேறு டிப்ளமோ, சான்றிதழ் படிப்புகளுக்கான பாடமும் அங்கேயே இருக்கும். குறியீட்டில் ஓர் எண் மாறினால் நீங்கள் படிப்பது வேறு பாடம்.

பிரின்ட் எடுப்பதாக இருந்தால் ஒரு பிளாக்கை ஒரு புத்தகமாகக் கட்டுங்கள். பாடம் முழுவதையும் ஒரே ஸ்பைரல் பைண்டிங்கில் போட்டால் 200 தாளுக்கு மேல் போய், இரண்டே மாதத்தில் ஓரம் கிழிந்து கழன்றுவிடும். டூட்டிக்குப் பையில் கொண்டுபோகவும் முடியாது. ஒரு தாளில் இரண்டு பக்கம் சுருக்கி எடுப்பது மிச்சம்போலத் தெரியும். படங்களில் உள்ள எழுத்து தெரியாது, ஓரத்தில் குறிப்பெழுத இடமும் இருக்காது. ஏ4 தாளில் இருபுறமும், முழு அளவில் எடுங்கள். கம்ப்யூட்டர் சென்டரில் இன்க்ஜெட்டா லேசரா என்று கேளுங்கள். நம் மாவட்டத்தில் ஜூன் தேர்வு தென்மேற்குப் பருவமழையிலும் டிசம்பர் தேர்வு வடகிழக்குப் பருவமழையிலும் வருகிறது. இன்க்ஜெட் மை நனைந்தால் கரைந்து ஓடும். லேசர் பிரின்டும் ஜெராக்ஸும் தாங்கும்.

புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பதிப்பு விவரப் பக்கம். அங்கே மறு அச்சு என்று ஓர் ஆண்டும் திருத்திய பதிப்பு என்று ஓர் ஆண்டும் இருக்கலாம். மறு அச்சு என்றால் பழைய பாடத்தையே மறுபடி அச்சடித்திருக்கிறார்கள் என்று பொருள். உள்ளே உள்ள விஷயத்தின் வயது திருத்திய பதிப்பின் ஆண்டுதான். அந்த ஆண்டைப் பென்சிலில் அட்டையில் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு மாறியவற்றை நீங்களே சேர்க்க வேண்டும். எவற்றைச் சேர்ப்பது என்று கீழே வருகிறது.

பத்து வினாத்தாள், ஒரு பெரிய தாள்

இக்னோ இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு, ஜூனிலும் டிசம்பரிலும். ஒரு பாடத்துக்குக் கடைசி 5 ஆண்டின் 10 தாள்களை எடுங்கள். அதற்குமேல் பின்னோக்கிப் போவதால் பயன் குறைவு.

ஒரு சார்ட் பேப்பரில் இடது ஓரம் யூனிட் பெயர்களை வரிசையாக எழுதி, வலப்பக்கம் பத்துக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு தாளின் ஒவ்வொரு கேள்வியும் எந்த யூனிட்டிலிருந்து வந்தது என்று பார்த்து, அந்தக் கட்டத்தில் மதிப்பெண்ணை எழுதுங்கள். டிக் போடாதீர்கள். 2 மதிப்பெண் வரையறையும் 15 மதிப்பெண் விளக்கமும் டிக்கில் ஒன்றுபோலத் தெரியும். ஒரு பாடத்துக்கு இந்த வேலை ஒரு முழு ஓய்வு நாளைச் சாப்பிடும். ஆனால் இந்தத் தயாரிப்பில் இதைவிடப் பயனுள்ள நாள் வேறு கிடையாது.

முடித்துப் பார்த்தால் பாடம் தானாக மூன்றாகப் பிரியும். பத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் தாள்களில் வந்த யூனிட்டுகளுக்குப் பாடநூல், துணைநூல், சொந்தக் குறிப்பு மூன்றும் வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து முறை வந்தவற்றுக்குப் பாடநூலும் குறிப்பும் போதும். அரிதாக வந்தவற்றை விட்டுவிடக் கூடாது. முக்கியச் சொற்கள், வரையறைகள், ஒரு படம், இவ்வளவு மட்டும். அவை பெரும்பாலும் சிறுகுறிப்பாகத்தான் வரும்.

இதே தாள்களிலிருந்து இன்னொரு கணக்கும் கிடைக்கும். 70 மதிப்பெண், 3 மணி நேரம் என்று இருக்கும் தாளில் கேள்வி படிக்கவும் கடைசியில் சரிபார்க்கவும் 15 நிமிடம் போனால் மீதி 165 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம் 20 விநாடி. 5 மதிப்பெண் கேள்விக்கு 12 நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்தில் ஒன்று, ஒன்றரைப் பக்கம்தான் எழுத முடியும். 5 மதிப்பெண் கேள்விக்கு நாலு பக்க விடை கொடுக்கும் கைடு உங்களுக்கு உதவாது. அதை மனப்பாடம் செய்தவர் முதல் இரண்டு கேள்வியிலேயே ஒரு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு, கடைசி 20 மதிப்பெண்ணைத் தொடாமல் எழுந்து வருவார்.

துணைநூல்: கடையில் நின்றே செய்யும் சோதனை

ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு துணைநூல். அதுவும் மேலே சொன்ன அட்டவணையில் அடிக்கடி வரும் யூனிட்டுகளை இக்னோ பாடநூல் சுருக்கமாகச் சொல்லியிருந்தால் மட்டும். நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் கிடைக்காதது திருவனந்தபுரத்தில் கிடைக்கும் என்று ரயில் ஏறுபவர்கள், அங்கே கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கான கைடுகளும் கலந்து கிடக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்ட் புத்தகம் தவறில்லை. ஆனால் பணம் கொடுக்கும் முன் உள்ளே கீழ்க்கண்ட இடங்களைப் பிரித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

பயோமெடிக்கல் கழிவு மேலாண்மை: 2016 விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, ஒளி ஊடுருவும் வெள்ளை, நீலம் என நான்கு வகை. ஊசி, பிளேடு போகும் இடம் துளைபடாத வெள்ளை டப்பா, கதீட்டர், ஐ.வி. செட் போவது சிவப்பு. கறுப்புப் பையைக் காட்டும் புத்தகம் 1998 விதிகளில் நிற்கிறது.

காசநோய்: தேசியக் காசநோய்த் திட்டத்தின் ஆர்.என்.டி.சி.பி. என்ற பெயர் 2020-இல் என்.டி.இ.பி. என்று மாறியது. வாரம் மூன்று முறை மருந்து என்பது போய்த் தினசரி மருந்து வந்துவிட்டது. ‘கேட்டகரி 2’ என்று ஒரு சிகிச்சை முறை இருந்தால் அந்த அத்தியாயம் பழையது.

தடுப்பூசி: ஊசி வழிப் போலியோவின் மூன்றாவது தவணை 9 மாதத்தில், 2023 ஜனவரி முதல். கர்ப்பிணிக்கு முன்பு போட்டது டெட்டனஸுக்கு மட்டுமான தடுப்பூசி, இப்போது போடுவது டெட்டனஸும் டிப்தீரியாவும் சேர்ந்த தடுப்பூசி. தமிழில் பேசும்போது பழையதும் புதியதும் இரண்டுமே ‘டி.டி.’ என்றுதான் காதில் விழும். ஆங்கிலத்தில் எழுதும்போது பழையது TT, புதியது Td; புதியதில் இரண்டாவது டி சிறிய எழுத்து. விடைத்தாளில் TT என்று எழுதிவிட்டால் பழையதை எழுதியதாகத்தான் ஆகும்.

மனநலம்: 1987 சட்டத்தை மட்டும் சொன்னால் வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. மயக்க மருந்து இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை கொடுப்பதை அது தடை செய்கிறது. நர்சிங் கேள்வியில் இது நேரடியாகத் தேவைப்படும்.

கருக்கலைப்புச் சட்டம்: 2021 திருத்தத்துக்குப் பிறகு குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை. 20 வாரத்தோடு நிற்கும் புத்தகம் பழையது.

இரும்புச்சத்து மாத்திரை: அனீமியா முக்த் பாரத் திட்டம் 2018-இல் வந்த பிறகு கர்ப்பிணிக்குத் தினம் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். 100 மில்லிகிராம் என்பது அதற்கு முந்தையது.

சி.பி.ஆர்.: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30-க்கு 2 என்ற விகிதம். மூச்சுப்பாதையில் தொடங்கும் பழைய வரிசை 2010-இலேயே மாறி, அழுத்தமே முதலில் என்று ஆகிவிட்டது.

இவற்றில் மூன்று தவறினால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கீழே வைத்துவிடுங்கள். ஒன்று தவறினால் வாங்கலாம். அந்தப் பக்கத்தில் திருத்தத்தை எழுதி ஒட்டிவிட வேண்டும்.

ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம்

விஷயம் புதியதா என்று பார்ப்பது பாதி வேலை. எப்படிச் சொல்லியிருக்கிறது என்பது மறுபாதி. படுக்கைப்புண் பற்றிய பக்கத்தைப் பிரியுங்கள். நர்சிங் ஃபவுண்டேஷனில் இதைத் தொடாத புத்தகம் கிடையாது.

மட்டமான கைடில் இப்படி நாலு வரி இருக்கும்: நிலையை மாற்று, முதுகுப் பராமரிப்பு செய், சத்துணவு கொடு, தோலைச் சுத்தமாக வை. தவறு எதுவும் இல்லை. ஆனால் இதை எழுதினால் 10-க்கு 3 கிடைப்பதே அரிது. ஏனென்றால் எத்தனை மணிக்கு ஒருமுறை என்று இல்லை, ஏன் என்று இல்லை, நோயாளியை எப்படி மதிப்பிடுவது என்பதும் இல்லை.

நல்ல புத்தகம் பிராடன் அளவுகோலில் தொடங்கும். உணர்வு, ஈரம், செயல்பாடு, நகர்தல், உணவு, உராய்வு என்று ஆறு பகுதி. மொத்தம் 6 முதல் 23 வரை. 18-ஓ அதற்குக் கீழோ போனால் ஆபத்து. பிறகு எலும்பு துருத்தி நிற்கும் இடங்களைப் படத்தோடு காட்டும்: மல்லாந்து படுத்தவருக்குத் திரிகம் (சேக்ரம்), குதிகால், பின்தலை, ஒருக்களித்துப் படுத்தவருக்குத் தொடை எலும்பின் மேல்முனை, கணுக்கால். புண்ணின் நான்கு நிலைகளையும் சொல்லி, அதோடு நிலை கண்டறிய முடியாத புண், ஆழ்திசுக் காயம் இரண்டையும் சேர்க்கும். ஒவ்வொரு செயலுக்கும் எதிரே காரணம் இருக்கும்: 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றுவது, அழுத்தத்தால் தடைபட்ட இரத்த ஓட்டம் திரும்புவதற்காக, தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் தூக்காதிருப்பது, உடல் கீழே சறுக்கித் தோல் இழுபடாமல் இருப்பதற்காக.

அதே பக்கத்தில் இன்னும் மூன்றைத் தேடுங்கள். சிவந்துபோன எலும்பு மேட்டைத் தேய்த்துவிடச் சொல்கிறதா? வளைய மெத்தை வைக்கச் சொல்கிறதா? ஸ்பிரிட் தடவச் சொல்கிறதா? மூன்றும் பழைய பழக்கம். ஏற்கெனவே இரத்தம் குறைந்த திசுவைத் தேய்த்தால் காயம் ஆழமாகும். வளையம் சுற்றிலும் அழுத்தி நடுவில் இரத்தம் போவதைத் தடுக்கும். ஸ்பிரிட் தோலை உலர்த்திவிடும். இவை ஏன் கூடாது என்று சொல்லித்தரும் புத்தகம் தேர்வுக்கு மட்டுமின்றி நாளைக் காலை டூட்டிக்கும் உதவும். செயலும் காரணமும் எதிரெதிரே இருக்கிறதா என்ற ஒன்றை வைத்தே ஒரு நர்சிங் புத்தகத்தின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

இக்னோ பாடநூல் ஒன்று சொல்லி, புதிய வழிகாட்டுதல் வேறு சொன்னால்

எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. பாடநூலில் பழைய திட்டப் பெயர் இருக்கும், வார்டில் நீங்கள் செய்வது வேறாக இருக்கும். விடைத்தாளைத் திருத்துபவரும் நர்சிங் ஆசிரியர்தான். ஆனால் மதிப்பெண் பிரிப்பு பெரும்பாலும் பாடநூலின் தலைப்பு வரிசையை ஒட்டியே இருக்கும். எனவே விடையின் எலும்புக்கூடு பாடநூலில் இருப்பதாகவும், எண்ணும் பெயரும் இன்றையதாகவும் இருக்கட்டும். பழையதை ஒரே வரியில் குறிப்பிடுங்கள்.

பிரசவத்தின் தீவிர நிலை எங்கே தொடங்குகிறது என்பது நல்ல உதாரணம். பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறிக்கும் வரைபடமான பார்ட்டோகிராஃபை உலக சுகாதார நிறுவனம் 2000-இல் திருத்தியபோது கருப்பை வாய் 4 செ.மீ. விரிந்ததிலிருந்து, அதே நிறுவனம் 2020-இல் வெளியிட்ட லேபர் கேர் கைடில் 5 செ.மீ. நம் லேபர் ரூம்களில் 4 செ.மீ. படிவம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பார்ட்டோகிராஃப் வரையச் சொன்னால் பாடநூலில் உள்ள படிவத்தை 4 செ.மீ.-இல் வரைந்து, கீழே ஒரு வரியில் 2020 மாற்றத்தை எழுதுங்கள். இரண்டையும் கலந்து, 4 செ.மீ. படிவத்தில் 5-இல் கோடு தொடங்கினால் படமே தவறாகிவிடும்.

இந்த மாற்றங்களை எல்லாம் ஒரே நோட்டில், பாடத்துக்கு இரண்டு பக்கம் என்று எழுதி வையுங்கள். மூன்று ஆண்டுக்கும் அந்த ஒரு நோட்டு போதும்.

கம்யூனிட்டி ஹெல்த் பாடத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் என்று நாம் சொல்பவரைத் தேசியப் பாடநூல் ஏ.என்.எம். என்றும் பெண் சுகாதாரப் பணியாளர் என்றும் சொல்லும். விடையில் பாடநூலின் பெயர் முதலில் வரட்டும். துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு. ஆரம்ப சுகாதார நிலையம் 30,000, மலையில் 20,000. சமுதாய சுகாதார நிலையம் 1,20,000, மலையில் 80,000. வெறும் எண்ணாக இது மனதில் நிற்காது. பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளை நினைத்துக்கொண்டு ஏன் மலைக்கு மட்டும் எண் குறைகிறது என்று யோசித்தால், ‘நியாயமான அணுகல்’ பற்றிய 5 மதிப்பெண் விடைக்கு உதாரணமும் அங்கேயே கிடைத்துவிடும்.

விலைக்குக் கிடைக்கும் விடைகள்

எழுதித் தயாராக வைத்த அசைன்மென்ட்டுகள் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் விற்கின்றன. வாங்காதீர்கள். அசைன்மென்ட் கேள்விகள் மாறிக்கொண்டே இருக்கும்; விற்பது போன ஆண்டினுடையதாக இருந்தால் எழுதியதெல்லாம் வீண். ஒரே விடை முப்பது கையெழுத்தில் வரும்போது திருத்துபவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அசைன்மென்ட்டுக்கு 30 சதவீத மதிப்பு, இறுதித் தேர்வுக்கு 70 என்பது. அந்த 30-ஐ நீங்களே எழுதினால் 70-க்கான ஒத்திகை அதிலேயே முடிந்துவிடும். இக்னோ இணையதளத்திலிருந்து நடப்புப் பருவத்தின் கேள்வித்தாளை இறக்கி, தலைப்பில் உள்ள ஆண்டைச் சரிபார்த்து, கையால் எழுதுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு ஜெராக்ஸ், கொடுத்த பிறகு ஒப்புகைச் சீட்டு. மதிப்பெண் இணையத்தில் ஏறாமல் போனால் இவை இரண்டும்தான் பேசும்.

செய்முறைக்கு எந்தக் கைடும் வேண்டாம். இக்னோ தரும் பிராக்டிகல் மேனுவலும் லாக் புக்கும் போதும். எழுத்துத் தேர்வும் செய்முறையும் தனித்தனியே தேற வேண்டியவை. செய்த அன்றே லாக் புக்கில் கையெழுத்து வாங்குங்கள். மொத்தமாக மாதக் கடைசியில் நீட்டினால், கையெழுத்துப் போட வேண்டியவர் மாற்றலாகிப் போயிருப்பார்.

எந்த மொழியில் படிப்பது

தேர்வு ஆங்கிலத்தில். தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்களுக்கு இது பயமாக இருக்கும். தமிழிலோ மலையாளத்திலோ வகுப்பெடுக்கும் யூடியூப் காணொளிகள் புரிந்துகொள்ள உதவும். களியக்காவிளைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மலையாளமும் தடையில்லை. ஆனால் காணொளியிலிருந்து குறிப்பெடுக்காதீர்கள். முதலில் காணொளியில் புரிந்துகொண்டு, அதன் பிறகு இக்னோ யூனிட்டைப் படித்து, குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுங்கள். வாக்கியம் சிறியதாக இருந்தால் போதும். நர்சஸ் ரெக்கார்டில் நீங்கள் தினமும் எழுதும் ஆங்கிலமே இந்தத் தேர்வுக்குப் போதுமான ஆங்கிலம்.

ஒரு யூனிட்டுக்குக் குறிப்பு 3 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் வரையறைகளும் படமும், மற்ற இரண்டில் நெடுக்காகக் கோடு போட்டு இடப்பக்கம் செயல், வலப்பக்கம் காரணம். தேர்வுக்கு முந்தின 4 வாரத்தில் புதிய நூல் எதையும் தொடாமல், இந்தக் குறிப்பையும் பத்து வினாத்தாள்களையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தாளை, கடிகாரத்தை எதிரே வைத்து, 3 மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். நைட் டூட்டி முடிந்த காலையில் இதைச் செய்ய வேண்டாம். ஓய்வு நாளில், தேர்வு நடக்கும் அதே நேரத்தில் செய்யுங்கள். எழுதிய தாளைப் பாடநூலோடு ஒப்பிட்டு, விட்டுப்போன தலைப்புகளைச் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதுங்கள். அடுத்த ஓய்வு நாளில் முதலில் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு வரிகளை.